கரையில் திட்டம், கடலில் களிப்பு: கப்பற் சுற்றுலா குறித்த ஒரு நடைமுறை நோக்கு

முன்னுரை

கடலை அறியாத தமிழினம் எக்காலத்தும் இருந்ததில்லை. பொருள் தேடிக் கடல் கடந்தோர் உண்டு. கல்வி தேடிக் கடந்தோர் உண்டு. ஹஜ் கடமையை நிறைவேற்றக் கப்பலேறியோர் உண்டு. தோட்டத் தொழிலுக்காகத் தாயகம் விட்டுச் சென்றோரும் உண்டு. ஆயினும் கடலைக் கண்டு களிப்பதற்கென்றே, மனைவி மக்களோடும் மூத்த பெற்றோரோடும் கப்பலிற் சென்று மீண்டவர் நேற்றுவரை மிகச் சிலரே.

இந்நிலை இன்று மாறி வருகிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவர், ஓராண்டுச் சேமிப்பைக் கொண்டு தம் குடும்பத்தாரைக் கப்பலில் அழைத்துச் செல்லலாமா என்று எண்ணிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

எண்ணம் நன்று. ஆனால் பேருந்தைத் தவறவிட்டவர்க்கு அடுத்த பேருந்து உண்டு. கப்பலைத் தவறவிட்டவர்க்கு அடுத்த கப்பல் இல்லை. தரையிற் செய்த பிழையைத் தரையிலேயே திருத்திக் கொள்ளலாம். கரையிற் செய்த பிழையைக் கடலில் திருத்துதல் அரிது. ஆகவே, கப்பற் சுற்றுலாவை எவ்வாறு திட்டமிடுவது, எவ்வாறு துய்ப்பது என்பதை நடைமுறை நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடலிற் பெறும் களிப்பு கரையிற் செய்த ஆயத்தத்தின் விளைவே என்பது இதன் மையக் கருத்தாகும்.

கடலும் நம்மவரும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதனைப் பலவாறு விளக்குவர். கடற்செலவு இடர் மிக்கது என்னும் அக்காலப் பட்டறிவும் இதன்கண் பொதிந்துள்ளது எனலாம். மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் மரக்கலம் சிதைந்து, நாகர் வாழும் நிலத்தை அடைந்த கதை இதற்கு ஒரு சான்று.

கடல்சார் வாழ்வில் தமிழக முஸ்லிம்களின் பங்கு பெரிது. மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு தொடர்புபடுத்துவோர் உளர். உமறுப் புலவரைப் புரந்த வள்ளல் சீதக்காதி, கீழக்கரையில் கடல் வாணிகம் செய்த பெருஞ்செல்வர். நாம் நாளும் வழங்கும் மாலுமி, சுக்கான் ஆகிய சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை; நங்கூரம் பாரசீகத் தொடர்புடையது. நம் கட்டுமரம் என்னும் சொல்லோ ஆங்கிலத்துட் புகுந்து உலகெங்கும் வழங்குகிறது. கடலிற் சரக்குகளோடு சொற்களும் பயணம் செய்தன என்பது இதனாற் புலனாகும்.

நம் மாவட்டத்துப் பழவேற்காடு இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டளவில் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக அவ்வூர் விளங்கியது. இப்பகுதியின் துணி வகைகள் அங்கிருந்து தென்கிழக்காசியத் தீவுகளுக்குச் சென்றன.

இருபதாம் நூற்றாண்டில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்த ‘ரஜூலா’ கப்பலை நம் மூத்தோர் இன்றும் நினைவு கூர்வர். 1926இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பயணிகளுட் பெரும்பாலோர் திறந்த தளத்தில் பாய்விரித்துச் சென்ற தளப் பயணிகளே. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பற் சேவை 1995ஆம் ஆண்டுடன் நின்றது. அப்பயணங்களுக்கு மாதக் கணக்கில் ஆயத்தம் செய்த தலைமுறை அது. வசதி பெருகிய இக்காலத்தில் நாம் இழக்கக்கூடாதது அந்த ஆயத்தப் பண்பேயாகும்.

பயணம் மூவகை

சென்னையையும் தமிழகக் கரையையும் அடிப்படையாகக் கொண்டு நோக்கின், இன்று கடற்பயணத்தை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, உல்லாசக் கப்பற் பயணம். இதில் கப்பலே சுற்றுலாத் தலம். தங்கும் அறை, உணவு, அரங்க நிகழ்ச்சி, நீச்சற் குளம் யாவும் அதனுள்ளேயே அமையும். கப்பல் ஓரிரு துறைகளைத் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே மீளும். அல்லது எத்துறையையும் தொடாமல் ஆழ்கடல் சென்று திரும்பும்.

இரண்டாவது, அந்தமான் தீவுகளுக்குச் செல்லும் அரசுப் பயணிகள் கப்பல். சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாட்பயணம். இது உல்லாசக் கப்பலன்று. தீவு மக்களின் போக்குவரத்துக் கப்பல். படுக்கை வகுப்பு முதல் தனியறை வரை பல வகுப்புகள் உண்டு. ஆடம்பரத்தை நாடுவோர்க்கு ஏமாற்றமும், கடலையே நாடுவோர்க்கு நிறைவும் தருவது. கப்பல் புறப்படும் நாள்கள் அடிக்கடி மாறும்; ஆதலின் திரும்பும் நாளை இறுக்கமாக வகுத்துக் கொள்ளலாகாது.

மூன்றாவது, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பல். 2023 அக்டோபர் 14ஆம் நாள் ‘செரியபாணி’ என்னும் கப்பலோடு இது தொடங்கப்பெற்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நான்கு மணி நேரத்தளவில் முடியும் குறும்பயணம் இது.

கடலுக்குப் புதியவர்கள் இரண்டு அல்லது மூன்று இரவுப் பயணத்தையே முதலில் மேற்கொள்வது நன்று. தம் உடலும் உள்ளமும் கடலோடு ஒத்துப்போகுமா என்பதை அதனால் அறியலாம். முதற்பயணத்திலேயே பத்து நாள் சென்று, இரண்டாம் நாளே கரையை எண்ணி ஏங்குவோர் பலர்.

காலம் அறிதல்

வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் மிகுதி. கோடையின் இறுதியிலும் புயல் தோன்றுவதுண்டு. நாகை – காங்கேசன்துறைச் சேவை தொடங்கிய சில நாள்களிலேயே, பருவமழையின் காரணமாக நிறுத்தப்பட்டது நினைவுகூரத்தக்கது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதலிய திங்களில் உல்லாசக் கப்பல் சென்னைக்கு வந்ததும் இக்காரணம் பற்றியே. பள்ளி விடுமுறை எப்போது என்பதை மட்டும் பாராமல், காற்றின் விடுமுறை எப்போது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டின் எண்கள் 1 முதல் 11 வரை உயரும். எண் உயர உயர இடர் மிகும். எனினும் பயணம் நடைபெறுமா என்பதை முடிவு செய்வோர் கப்பல் தலைவரும் துறைமுகத்தாருமே. பயணம் தள்ளி வைக்கப்படின் சினந்து பயனில்லை. அம்முடிவு நம் உயிரைக் காக்க எடுக்கப்பட்டது என்று தெளிதல் வேண்டும்.

தொழிற்சாலையில் முறைப்பணி செய்வோர்க்கு இங்கு ஓர் அறிவுரை: பயண நாள்களுக்கு மட்டும் விடுப்புக் கேளாமல், பின்னும் ஒரு நாள் சேர்த்துக் கேட்டு வைத்திருப்பது நலம். கடல் சீறிக் கப்பல் சில மணி நேரம் தாமதித்தாலும், அதிகாலை முறைப்பணியை எண்ணிப் பதற வேண்டியதில்லை.

செலவு என்னும் இருபொருட் சொல்

தமிழிற் ‘செலவு’ என்னும் சொல் பயணத்தையும் குறிக்கும், பணம் கழிதலையும் குறிக்கும். கப்பற் சுற்றுலாவில் இவ்விரு பொருளும் ஒருங்கே வாய்க்கின்றன. விளம்பரத்திற் காணும் தொகை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவர்க்கு ஆகும் கட்டணமாகும். தனியாகச் செல்வோர் கூடுதலாகச் செலுத்த நேரிடும். அதே அறையில் மூன்றாம், நான்காம் படுக்கையில் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவதுண்டு.

அடிப்படைக் கட்டணத்தோடு சேர்வன பல. அவையாவன: துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் அன்பளிப்பு, சிறப்பு உணவகச் செலவு, இணையத் தொடர்பு, கரைச் சுற்றுலா, பயணக் காப்பீடு, வீட்டிலிருந்து துறைமுகம் சென்று வரும் செலவு. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்துக்கு அடிப்படைக் கட்டணம் ரூ. 60,000 என்று கொள்வோம். மேற்கூறியவற்றைத் தனித்தனியே எழுதிக் கூட்டினால், மொத்தம் ரூ. 80,000 ஆகவும் கூடும். முன்னரே தெரிந்தால் அது திட்டம். இறங்கும்போது தெரிந்தால் அது கடன். ஆகவே, முன்பதிவு செய்யும்போதே ‘இத்தொகையில் அடங்குவன யாவை, அடங்காதன யாவை’ என்று எழுத்து வடிவிற் கேட்டுப் பெறுதல் வேண்டும். பயணத்தை நாமே கைவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே அறிதல் இன்றியமையாதது.

கப்பலுக்குள் பணத்தாள் வழங்காது. ஓர் அட்டை தரப்படும். வாங்குவன எல்லாம் அதன் கணக்கில் ஏறும். கையிலிருந்து காசு போகாமையால் செலவு தெரிவதில்லை. எனவே, முதல் நாளிலேயே அக்கணக்குக்கு ஒரு வரம்பு குறிக்கச் சொல்லுதலும், ஒவ்வோர் இரவும் கணக்கைப் பார்த்தலும் நன்று. பிள்ளைகளின் அட்டையில் வாங்கும் வசதியை நிறுத்தி வைக்கலாம். இத்தகைய கப்பல்களில் மதுக்கூடமும் சூதாட்ட அரங்கும் இருத்தல் உண்மையே. அவை கட்டாயமல்ல, அவற்றின் பக்கம் செல்லாமலே முழுப்பயணத்தையும் இனிது கழிக்க இயலும். இதனை முன்னரே குடும்பத்தாரோடு பேசித் தெளிதல் பெரியோர் கடமையாகும்.

பெயரும் ஆவணமும்

வெளிநாட்டுத் துறையைத் தொடும் பயணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும். திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு திங்கள் அது செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. இலங்கைக்கு மின்னணுப் பயண அனுமதியும் முன்னரே பெறுதல் வேண்டும். உள்நாட்டுப் பயணமாயினும் ஒளிப்பட அடையாள அட்டை தேவை. லட்சத்தீவு போன்ற இடங்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு.

நம்மவர்க்கு இவ்விடத்தில் ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. அது தலைப்பெழுத்துச் சிக்கல். ஓர் ஆவணத்தில் தந்தை பெயர் முதலெழுத்தாகவும், மற்றொன்றில் முழுப்பெயராகவும், பிறிதொன்றில் குடும்பப் பெயராகவும் இருக்கும். முகம்மது என்னும் ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கைந்து வகையாக எழுதப்படுகிறது. பயணச் சீட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். பழக்கத்தில் வழங்கும் பெயரை முகவரிடம் வாயாற் சொல்லிப் பதிவு செய்தல் தவறு. கடவுச்சீட்டின் படியைக் கொடுத்துப் பதிவு செய்து, சீட்டு வந்தவுடன் ஒப்பு நோக்குக. இச்சிறு செயல் துறைமுக வாயிலில் நேரும் பெருந்துயரைத் தவிர்க்கும்.

அறையும் மூட்டையும்

கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. அணியம் எனப்படும் முன்முனையிலும், பின்முனையிலும், மேல்தளங்களிலும் ஆட்டம் மிகுதி. ஊஞ்சற் பலகையின் விளிம்பைவிட நடுத்தண்டு அசையாதிருப்பது போன்றதே இது. எனவே தலைசுற்றல் உடையோரும் முதியோரும் நடுப்பகுதி அறையைக் கேட்டுப் பெறுக. சாளரம் இல்லாத உள்ளறைக்குக் கட்டணம் குறைவு. பகல் முழுதும் மேல்தளத்தில் கழிப்போர்க்கு அது போதும். மூட்டுவலியுடைய மூத்தோர் உடன்வரின் மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையே தக்கது.

பெரிய மூட்டைகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தே அறையிற் சேர்ப்பர். ஆகவே கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை, குழந்தையின் உணவு ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக் கொள்ளுதல் வேண்டும். இஸ்திரிப் பெட்டி, நீர்சுட வைக்கும் கருவி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி முதலிய தீயை விளைவிக்கக் கூடியவற்றைக் கப்பலிற் கொண்டு செல்லலாகாது. கடலில் தீயைவிடக் கொடிய பகை வேறில்லை. வழுக்காத காலணியும், இரவுக் காற்றுக்கு ஒரு மேலாடையும் மறவாமல் எடுத்துக் கொள்ளத்தக்கவை.

ஹலால் உணவோ மரக்கறி உணவோ வேண்டுவோர், முன்பதிவின்போதே எழுத்து வாயிலாகத் தெரிவித்தல் வேண்டும். ஏறிய பின் கேட்டாற் கிடைப்பது உறுதியன்று. தொழுகையின் திசை பற்றியும் ஒரு குறிப்பு: கப்பல் திசை மாறிக் கொண்டே செல்லும். கப்பல் எஃகினால் ஆயதாதலின், அறைக்குள் காந்த ஊசி பிழையான திசையைக் காட்டக்கூடும். கப்பல் செல்லும் திசையை அதிகாரிகளிடம் கேட்டறிந்து கணித்தலே தக்க வழி. அந்தமானில் கடிகாரம் நமக்குரியதே எனினும், கதிரவன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதித்து முன்னதாக மறைகிறான். தொழுகை நேரம் குறிப்போரும், மாலைக் காட்சி காண விழைவோரும் இதனை நினைவிற் கொள்க.

துறைமுகம் சேர்தல்

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னைத் துறைமுகம் தொலைவன்று. ஆயினும் வழி எளிதன்று. எண்ணூர், திருவொற்றியூர்ச் சாலைகளிற் சரக்குப் பெட்டக லாரிகள் நீண்ட வரிசையில் நிற்பதை இப்பகுதியினர் நன்கறிவர். ஒரு மணி நேர வழி மூன்று மணி நேரமாக நீளும் நாள்கள் உண்டு. புறநகர் மின்தொடர் வண்டியிற் சென்னை சென்ட்ரலையோ கடற்கரை நிலையத்தையோ அடைந்து, அங்கிருந்து தானியில் துறைமுகம் செல்வது பெரும்பாலும் உறுதியான வழி. மூட்டையும் முதியோரும் மிகுதியாயின் வாடகை வண்டியை அமர்த்தி, இரண்டு மணி நேரம் முன்னதாகவே புறப்படுக. கப்பல் புறப்படும் நேரம் வேறு. பயணிகளை ஏற்பது முடியும் நேரம் வேறு. சீட்டில் உள்ள இரண்டாவது நேரத்தையே நமக்குரிய நேரமாகக் கொள்ளல் வேண்டும்.

உயிர் காக்கும் அரைமணி நேரம்

ஏறிய அன்றே பயணிகள் அனைவர்க்கும் ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடைபெறும். உணவுக்கூடத்தின் மணம் அழைக்கும்போது இப்பயிற்சியைப் பலர் சுமையாகக் கருதுவர். இதன் பின்னால் உள்ள வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கருதார்.

1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அனைவர்க்கும் போதிய உயிர்காப்புப் படகுகள் அதில் இல்லை. அதன் விளைவாக 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் மாண்டதை நம் மூத்தோர் மறந்திரார். 2012 ஜனவரி 13ஆம் நாள் இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தனர். அன்று புதிதாக ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. பயிற்சியை 24 மணி நேரத்துக்குள் நடத்தினாற் போதும் என்று அதுவரை இருந்த விதி, 2015 முதல் மாற்றப்பட்டது. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ நடத்தியாக வேண்டும் என்பது இன்றைய விதி.

இவ்வளவு தொலைவு செல்வானேன்? 2011 டிசம்பர் 25ஆம் நாள் நம் பழவேற்காட்டிலேயே, விடுமுறையைக் கழிக்க வந்தோர் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோருட் பலர் கும்மிடிப்பூண்டிப் பகுதியினர். ஒரே உறவுவட்டத்தைச் சேர்ந்தவர்கள். பெரியதோர் ஆழ்கடற் கப்பலன்று அது. கரை கண்ணுக்குத் தெரியும் நீரில் சென்ற சிறு படகு. நீரின் ஆழத்தைவிட நம் அலட்சியத்தின் ஆழமே பெரிது என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று. கப்பலாயினும் படகாயினும், உயிர்காப்பு அங்கி இல்லையேல் ஏறுவதில்லை, அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் இறங்கிவிடுவது என்னும் இரண்டு உறுதிகளை ஒவ்வொரு குடும்பத்தலைவரும் மேற்கொள்ளல் வேண்டும். அங்கி கேட்பவரை அச்சமுடையவர் என்று நகைப்போர் நகைக்கட்டும்.

பயிற்சியில் அறிய வேண்டியன நான்கு: நம் அவசரக் கூடுமிடம் எது, அறையிலிருந்து அதற்குச் செல்லும் இரு வழிகள் எவை, அங்கியை அணிவது எவ்வாறு, அபாய ஒலி எது. ஏழு குறும்ஒலியும் ஒரு நெடுவொலியும் தொடர்ந்து எழுந்தால் அதுவே அபாய அறிவிப்பு. அப்போது மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. மூட்டையை எடுக்கத் திரும்புதலும் ஆகாது. பயிற்சி முடிந்தபின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை அவ்வழியே நடந்து பாருங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு; உங்களுக்கு அது மனநிம்மதி.

உடல்நலம்

கடற்பிணி என்பது நோயன்று. கண் காண்பதும் செவியின் உட்பகுதி உணர்வதும் மாறுபடுவதால் விளையும் குழப்பம். அறைக்குள் படுத்தவாறு நூல் படித்தால் அது மிகும். திறந்த தளத்துக்கு வந்து தொடுவானை நோக்கின் குறையும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. சிறிதளவு உலர்ந்த உணவும் இஞ்சியும் பலர்க்குத் துணை செய்கின்றன. மாத்திரை வேண்டுவோர் மருத்துவரைக் கேட்டு, தலைசுற்றல் தொடங்குமுன்பே உட்கொள்ளுதல் வேண்டும்.

பலர் ஒருங்கு வாழும் கப்பலில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் விரைந்து பரவும். கைத்துடைப்புத் திரவத்தைவிடச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுதலே இதற்கு ஏற்ற காப்பு. நீரிழிவு, குருதியழுத்தம் உடையோர் பயண நாள்களுக்கு மேலும் சில நாளுக்கான மருந்தை, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக் கொள்க. 24 வாரம் நிறைந்த கருவுற்ற மகளிரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் பெரிய மருத்துவமனை இல்லை. கப்பலிலிருந்து கரைக்கு நோயாளியைக் கொண்டு செல்லும் செலவு மிகப் பெரிது. ஆகவே காப்பீடு வீண்செலவன்று.

கரையிறங்கும் நாளும் கடலில் கழியும் நாளும்

துறையில் இறங்குமுன் மூன்றைக் குறித்துக் கொள்ளுதல் வேண்டும்: கப்பலின் பெயர், அது நிற்கும் துறையின் பெயர், அனைவரும் திரும்பியாக வேண்டிய நேரம். அந்நேரத்துக்கு ஒரு மணி முன்னரே வாயிலை அடைதல் நன்று. நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்குக் கட்டணம் மிகுதி. ஆனால் அவ்வண்டி தாமதித்தாற் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். நாமே அமர்த்திய தானி தாமதித்தால் கப்பல் காத்திராது.

திட்டத்தில் உள்ள துறையிற் கப்பல் நிற்காமற் போவதும் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சென்ற உல்லாசக் கப்பல், அரசின் இசைவு கிடைக்காமையாற் புதுச்சேரியில் பயணிகளை இறக்க இயலவில்லை. காற்றாலும் ஆணையாலும் வழி மாறுதல் கடற்பயணத்தின் இயல்பு. ஓர் ஊரைக் காண்பதே நோக்கமாயின் தரைவழியே செல்லலாம். கடலைக் காண்பது நோக்கமாயின் எவ்வழியும் நல்வழியே.

கப்பலிற் பொழுதைக் கழிப்பதும் ஒரு கலை. எல்லா நிகழ்ச்சிகளையும் கண்டுவிட வேண்டும், எல்லா உணவையும் உண்டுவிட வேண்டும் என்று ஓடுவோர் கரையின் பரபரப்பையே கடலுக்குக் கொண்டு செல்கின்றனர். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சி போதும். கைப்பேசி நடுக்கடலிற் கப்பலின் வலைப்பின்னலோடு தானாக இணைந்து பெருங்கட்டணம் ஏற்றக்கூடும். அதனை விமான நிலையில் வைத்துவிடுக. விடியலுக்கு முன் எழுந்து மேல்தளம் சென்று கீழ்வானைக் காண்க. இரவில் நகர விளக்குகள் மறைந்தபின் விண்மீன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுக. மூத்தோரை அருகிருத்தி, அவர்தம் தந்தையர் எக்கப்பலில், எத்துறைக்கு, எதற்காகச் சென்றனர் என்று கேட்டு எழுதிக் கொள்க. எழுதப்படாத நம் கடல் வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் அவர்கள் நெஞ்சிலேயே இருக்கிறது.

முடிவுரை

மகளிர் செல்லா வழி என்று தொல்காப்பியர் காலம் கருதிய கடலில், இன்று தாயும் மகளும் அருகருகே நின்று கதிரவன் எழுவதைக் காண்கின்றனர். இம்மாற்றம் மகிழ்ச்சிக்குரியது. இதற்குத் துணை செய்தது கப்பலின் வலிமை மட்டுமன்று. ஒவ்வொரு விபத்திலிருந்தும் மனித இனம் கற்று எழுதி வைத்த விதிகளுமாகும். அவ்விதிகளைப் போற்றுவோர்க்கே கடல் இனிக்கும்.

காலம் அறிந்து, செலவைக் கணித்து, பெயரைச் சரிபார்த்து, மருந்தைக் கையிற்கொண்டு, அங்கியின் முடிச்சை அறிந்து ஏறுபவர், கப்பலேறிய பின் கவலையின்றி இருக்கலாம். இவற்றைச் செய்யாது ஏறுபவர் கடலைக் காணார். தம் கவலையையே கண்டு திரும்புவர். தளத்தில் விரிக்கும் பாயைக்கூட மறவாமற் கட்டிக்கொண்டு ரஜூலாவில் ஏறிய நம் முன்னோர், இதனைச் சொல்லாமலே செய்து காட்டினர். மாணவ மணிகள் தம் குடும்பத்தாரோடு கடற்பயணம் மேற்கொள்ளும் நாளில், மூட்டை கட்டுமுன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இக்கட்டுரையிற் கூறியவற்றை வரிசைப்படுத்தி எழுதிக் கொள்வார்களாயின், இதன் பயன் நிறைவுறும்.